இருபது அத்தி

தோரிக்கோஸ் ஊரின் நாடகத் திடல் வட்டமாக இல்லை.
கல்லடுக்கியவர்கள் மலைச்சரிவோடு வாதாடித்
தோற்றிருக்க வேண்டும்:
ஒரு பக்கம் நசுங்கிய அப்பம் போலக் கிடக்கிறது.

குளிர்காலம். தியோனிசஸ் திருவிழா.
வெள்ளிச் சுரங்கத்துத் தூசி எல்லோர் காதோரமும்.
எனக்கு அன்று கருமிக் கிழவன் வேஷம்.
துணியில் பசை தடவிச் செய்த முகமூடி;
ஒரு புருவம் ஏறியிருக்கும், மறு புருவம் இருந்த இடத்திலேயே.
உள்ளே, எனக்கு முன் அதை மாட்டியவனின் வெங்காய வாடை.
கண்துளை வழியே உலகம்
ஒரு கையகலம்.

அந்தக் கையகலத்தில் உட்கார்ந்திருந்தார் மிக்கியோன்,
மூன்று சுரங்கக் குழிகளைக் குத்தகைக்கு எடுத்தவர்,
முன்வரிசையில், வீட்டிலிருந்து கொண்டுவந்த மெத்தைமேல்.

எங்கள் குழுவுக்குத் தங்க இடம் தந்தவர் அவர்தான்.
எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர் என்று
சந்தையில் சொன்னார்கள். நான் நம்பவில்லை.
முதல் இரவே பார்த்தேன்:
விளக்கை ஊதுமுன் எண்ணெயில்
ஒரு வைக்கோலை விட்டு எடுத்து,
நனைந்த அளவை நகத்தால் கீறி,
தலைமாட்டில் வைத்துக்கொண்டார்.
விடியலில், அடிமைப்பெண் ஒனேசிமே எழுமுன்,
அதே விளக்கு, அதே வைக்கோல்.
(பயன்படுபவள் என்று பொருள் அந்தப் பெயருக்கு.
வைத்தவரும் அவரே.)

எழுதிய வசனத்தில் வைக்கோல் கிடையாது.
எனக்குத்தான் கை அரித்தது.
மேடையில் விளக்கை எடுத்தேன், வைக்கோலை விட்டேன், கீறினேன்,
"நான் கண்ணயர்ந்ததும் உன் எண்ணெயை நீயே குடிக்கிறாய்,
எனக்குத் தெரியாதா?" என்று
விளக்கைத் திட்டினேன்.

ஊரே விழுந்து விழுந்து சிரித்தது.
நான் அவரைப் பார்த்தேன்.
கல்லெடுப்பாரா, எழுந்து போவாரா?
தொடையில் அறைந்துகொண்டார் மிக்கியோன்.
கண்ணைத் துடைத்துக்கொண்டு
பக்கத்து ஆளின் விலாவில் இடித்து,
"அப்படியே நம்ம ஏர்காசியோன்! அச்சு அசல்!" என்றார்.
நாலு வரிசை தள்ளி, ஏர்காசியோன்
வேறொருவனைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான்.
அவன் இன்னொருவனை.
விரல்கள் சரிவில் ஏறி ஏறிப் போயின.
கடைசி வரிசைக்காரனுக்குக் காட்ட ஆளில்லை;
திரும்பிக் கடலைக் காட்டினான்.

ஒனேசிமே மட்டும் சிரிக்கவில்லை.
வீட்டில் தினம் பார்ப்பதற்கு
இவ்வளவு தூரம் நடந்திருக்க வேண்டாமே என்பதுபோல்
கொட்டாவி விட்டாள்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள்.
முதுகு கிடக்கட்டும்.
முகத்தையே முன்னால் நிறுத்திப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும்
பக்கத்து வீட்டுக்காரன்தான் திரும்பிப் பார்க்கிறான்.

நல்ல வரி, அடுத்த ஊரில் சேர்க்கலாம் என்று
பெருமையோடு படுக்கையை உதறினேன்.
கதவு தட்டும் ஓசை. மிக்கியோன். கையில் துணிப்பை.
"அந்த வைக்கோல் பிரமாதம்!
இதையெல்லாம் எங்கேதான் பிடிக்கிறீங்களோ.
உலர்ந்த அத்தி, இருபது. வெச்சுக்குங்க."
வெட்கப்பட்டவர்போல இருட்டுக்குள் போய்விட்டார்.

அவர் செருப்புச் சத்தம்
முற்றம் தாண்டும்வரை காத்திருந்தேன்.
பிறகு பையைக் கவிழ்த்து,
விளக்கைக் கிட்டே இழுத்து,
இரண்டிரண்டாக எண்ணினேன்.

இருபது.

சரியாகத்தான் இருக்கிறது என்று நிமிர்ந்தால்
மூலையில் குழலூதும் பையன் பைதிமோஸ்
தூங்காமல் படுத்திருந்தான்.
போன ஊர்க் கூலியில் அவனுக்குச் சேரவேண்டிய
இரண்டு காசு இன்னும் என் இடுப்பு முடிச்சில்.
அவன் ஒன்றும் கேட்கவில்லை.
ஒரு புருவத்தை மட்டும் ஏற்றினான்.
மறு புருவம் இருந்த இடத்திலேயே இருந்தது.

அவனுக்கென்று ஆறு அத்தி எடுத்தேன்.
கொடுக்கும்போது ஐந்தாக இருந்தது.